சேனல் நம்பரைத் தொடாதீர்கள்

டிஜிட்டல் வந்தால் படம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றார்கள். இருக்கிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை. புள்ளி புள்ளியாய் மழை பெய்யும் படத்தையும், ஒரு முகத்துக்குப் பக்கத்தில் அதன் நிழல் போல இன்னொரு முகம் நிற்பதையும் இருபது வருடம் பார்த்துச் சலித்தவன் நான். என் சண்டை வேறு. படத்தைத் தெளிவாக்கியவர்கள், அந்தப் படத்துக்குப் போகிற வழியை வயதானவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். மேலே அவர்கள் எதையாவது மாற்றும்போதெல்லாம் கீழே நம் வீட்டுக்குள் நாம் மெக்கானிக் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குக் கூலியும் கிடையாது, முன்கூட்டித் தகவலும் கிடையாது.

எங்கள் தெருவில் எண்பதைத் தாண்டிய அப்பத்தா ஒருவர் இருக்கிறார். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆங்கில எழுத்து தெரியாது. ஆனால் எண்கள் அத்துப்படி. பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, சிங்கப்பூரில் இருக்கும் பேரனின் போன் நம்பர் எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். டி.வி.யிலும் அப்படித்தான். செய்திக்கு ஓர் எண், பக்திப் பாட்டுக்கு ஓர் எண், சீரியலுக்கு ஓர் எண். சேனலின் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. போன மாதம் ஒரு காலையில் வாசலில் நின்று கூப்பிட்டார்.

“தம்பி, செய்திய அமுக்குனா எவனோ இந்தியில மிக்சி விக்கிறான். என்னன்னு வந்து பாருப்பா.”

போய்ப் பார்த்தேன். ராத்திரியோடு ராத்திரியாக எண்களை மாற்றிவிட்டிருந்தார்கள். பழைய இடத்தில் பொருள் விற்கிற சேனல். செய்தி எங்கேயோ நூறு எண் தள்ளிப் போயிருந்தது. தேடிப் பிடித்து, காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி டி.வி. பக்கத்தில் மாட்டிவிட்டு வந்தேன். மூன்று ஆண்டில் அவருக்கு நான் எழுதிக் கொடுக்கும் நான்காவது அட்டை அது.

நான் வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவன். எங்கள் துறையிலும் எண்களை மாற்றியிருக்கிறோம். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் புல எண்கள் புதிதாக வந்தபோது, ‘அ’ பதிவேட்டில் புதிய எண்ணுக்குப் பக்கத்திலேயே பழைய புல எண்ணுக்கும் ஒரு கலம் வைத்தார்கள். எத்தனை வருடம் கழித்து வந்து ஒருவர் பழைய பத்திரத்தை நீட்டினாலும், இந்தப் பழைய எண் இந்தப் புதிய எண் ஆனது என்று சொல்ல முடிந்தது. எண் என்பது முகவரி. முகவரியை மாற்றுகிறவனுக்குப் பழையதைப் புதியதோடு பொருத்திக் காட்டும் கடமை உண்டு. குறை சொல்லப்படுவதற்கென்றே பிறந்த வருவாய்த் துறைக்குத் தெரிந்த இந்தச் சின்ன விஷயம், செயற்கைக்கோளை வைத்துத் தொழில் நடத்துகிறவர்களுக்குத் தெரியவில்லை.

‘முன்பெல்லாம் மட்டும் லேசாக இருந்ததா?’ என்று கேட்பீர்கள். லேசாக இல்லை. ஆனால் அந்தக் கஷ்டம் நம் கைக்குள் இருந்தது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொலைக்காட்சி நிலையம் வந்துவிட்டாலும் அதன் அலை நம் பக்கம் எட்டவில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையோரம் வசதியுள்ள வீடுகளில் உயரக் குழாய் நட்டு ஆன்டெனாவைத் தென்கிழக்கே கடல் பக்கம் திருப்பி வைத்தார்கள். 1983 ஜூன் 25 அன்று கபில்தேவ் உலகக்கோப்பையைத் தூக்கியதை அப்படிப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பிறகு கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் வந்தது. எல்லா ஆன்டெனாவும் மேற்கே திரும்பின. மாடியில் ஒருவர் குழாயைத் திருக, கீழே ஒருவர் “வந்துருச்சு… வந்துருச்சு… ஐயோ போயிருச்சு!” என்று கத்த, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலை நடக்கும். ஒருமுறை இறுக்கிக் கட்டிவிட்டால், காற்றோ காக்கையோ கலைக்கிற வரை வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். யாருடைய அனுமதியும் வேண்டாம், மாத வாடகையும் வேண்டாம்.

அப்புறம் கேபிள் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். 2006 செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கி, மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல் பெட்டிகள் போயின. 14 அங்குலம். கிராமம் கிராமமாகப் பட்டியல் சரிபார்த்து, டோக்கன் கொடுத்து, கையெழுத்து வாங்கி விநியோகித்த கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தப் பெட்டியை வாங்கிப் போன கிழவிகளுக்கு நாங்கள் எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. தேவைப்படவும் இல்லை. கேபிள்காரர் வந்து ஒயரைச் சொருகி ஒருமுறை டியூன் செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு பித்தானை அமுக்கினால் படம்.

இந்தச் சுலபத்துக்கு வேட்டு வைத்தது 2011-இன் சட்டத் திருத்தம். 1995-இன் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தைத் திருத்தி, இனி எல்லாமே செட்டாப் பாக்ஸ் வழியாகத்தான் என்று கொண்டுவந்தார்கள். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு 2012, கோயம்புத்தூர் போன்ற நகரங்களுக்கு 2013 என்று படிப்படியாக வந்து, கிராமப்புறங்களுக்குக் கடைசிக் கெடு 2017 மார்ச் 31 ஆனது. நம் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததே 2017 ஏப்ரலில்தான். செப்டம்பர் 1 முதல் இலவசப் பெட்டிகள் கொடுக்கத் தொடங்கினார்கள். பெட்டிக்குக் காசு வாங்காததைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் பெட்டி எதற்காக வந்தது? படம் தெளிவாவதற்காக மட்டும் இல்லை. பழைய முறையில் ஒரு கேபிள்காரர் எத்தனை வீட்டுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவர் ஐந்நூறு என்றால் ஐந்நூறு. சேனல் நடத்துகிறவர்களுக்கும் வரி வாங்குகிறவர்களுக்கும் அதில் நஷ்டம். பெட்டி வந்தால் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகக் கணக்கில் வரும். பணம் கட்டாத வீட்டை உட்கார்ந்த இடத்திலிருந்தே அணைக்கலாம். நியாயமான நோக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம்மை எண்ணுவதற்காக வந்த பெட்டியை, நமக்குச் செய்த உபகாரம் போல இன்றுவரை சொல்கிறார்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆதாயம் அவர்களுக்கு, அலைச்சல் நமக்கு.

அலைச்சல் என்ன என்று இளையவர்களுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். முதலில் ரிமோட் ஒன்று இரண்டானது. டி.வி.க்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. ஒலியை எதில் கூட்டுவது, சேனலை எதில் மாற்றுவது? தவறிப்போய் டி.வி. ரிமோட்டில் ஏதோ ஒன்றை அமுக்கிவிட்டால் ஏ.வி.யிலிருந்து விலகி நீலத் திரை வந்துவிடும். நீலத் திரைக்கும் பெட்டி பழுதுக்கும் வித்தியாசம் தெரியாது. பின்பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஒயர். வீடு கூட்டும்போது ஒன்று கழன்றால் படம் வரும், சத்தம் வராது. சந்தா முடிந்தால் திரையில் ஒரு கட்டம் வந்து ஏதோ சொல்லும், அதுவும் ஆங்கிலத்தில். தமிழ்நாட்டில், தமிழ்ச் சேனல் பார்க்கிறவருக்கு, அவர் கட்ட வேண்டிய பணத்தைப் பற்றிய செய்தியைத் தமிழில் சொல்ல இவர்களுக்கு இத்தனை வருடத்தில் மனம் வரவில்லை. இத்தனைக்கும் பெட்டிக்குள் இருப்பது வெறும் மென்பொருள். நாலு வரி மாற்றினால் போதும்.

இதெல்லாம் சில்லறைத் தொந்தரவு என்று தள்ளிவிடலாம். 2019-ஐ அப்படித் தள்ள முடியாது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி, அறந்தாங்கி என்று போன பக்கமெல்லாம் தென்னை படுத்துக் கிடந்தது. மின்கம்பத்தோடு கேபிள் ஒயரும் மண்ணில் கிடந்தது. மாடியில் இருந்த டிஷ்கள் பக்கத்துத் தோட்டத்தில் கிடந்தன. உள்கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. எங்கள் வீட்டில் உலகத்தோடு இருந்த ஒரே தொடர்பு பேட்டரி போட்ட பழைய ரேடியோதான். திருச்சி நிலையம் 936-இல் எப்போதும்போல் இருந்தது. எத்தனையோ வருடமாக முள் நிற்கிற அதே இடம். இருட்டில் கையால் தடவியே பிடித்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

மெல்ல மெல்லக் கம்பம் நட்டு, ஒயர் இழுத்து, வீடுகளில் வெளிச்சம் வந்த அதே நேரத்தில்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்தது. 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறை. நூறு சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. தூர்தர்ஷனின் கட்டாய சேனல்கள் அந்த நூறுக்குள்ளேயே அடக்கம். அதற்கு மேல் கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை, இல்லையென்றால் தொகுப்பு விலை. ‘பார்ப்பதற்கு மட்டும் பணம் கொடுங்கள், தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கே’ என்று பெரிதாகச் சொன்னார்கள். தென்னைக்கு நிவாரணம், குடிசைக்கு நிவாரணம் என்று படிவம் படிவமாக நிரப்பிக்கொண்டிருந்த ஜனத்தின் கையில் சேனல் தேர்வுப் படிவம் ஒன்றையும் திணித்தார்கள். முழுக்க ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில், நூற்றுக்கணக்கான பெயர்கள். வடகாட்டுப் பக்கம் என் உறவினர் வீட்டில் அதை நிரப்பிக் கொடுக்க உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. “மாமா, சும்மா பழையபடியே வரட்டும்னு எழுதிருங்க” என்றார் அவர். அப்படி எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

தேர்ந்தெடுக்கும் உரிமை என்பது, தேர்ந்தெடுக்காமல் இருக்கிறவனைத் தண்டிக்காதபோதுதான் உரிமை. பலர் கடைசியில் தொகுப்புகளில் போய் விழுந்தார்கள், முன்பைவிட அதிகம் கட்டினார்கள். தமிழக அரசு அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு கேபிள் கட்டணத்தை 220-லிருந்து 130 ஆகக் குறைத்தது, வரி தனி. அதன் பிறகும் தொல்லை ஓயவில்லை. 2022 நவம்பரில் அரசு கேபிள் பெட்டிகள் பல மாவட்டங்களில் திடீரென்று நின்றன. மென்பொருள் வழங்கிய தனியார் நிறுவனத்தோடு பிரச்சினை என்று காரணம் சொல்லப்பட்டது. 2023 பிப்ரவரியில் விலைத் தகராறில் பெரிய சேனல் நிறுவனங்கள் நாட்டின் பல பகுதிகளில் கேபிள்காரர்களுக்குச் சேனல்களை நிறுத்தின. இரண்டு தடவையும் வீட்டிலிருந்த கிழவர்கள் செய்தது ஒன்றே: பெட்டியைத் தட்டினார்கள், ஒயரைப் பிடுங்கிச் சொருகினார்கள், ரிமோட்டுக்குப் புது பேட்டரி வாங்கினார்கள். கோளாறு தம் வீட்டில் இல்லை என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை.

எனக்கு அதிகக் கோபம் வரவழைப்பது இன்னொன்று. இந்தப் பிரச்சினை முன்கூட்டியே தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று அரசாங்கம் சொல்ல முடியாது. கேபிள் சட்டத்தின் எட்டாவது பிரிவை எடுத்துப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் அதைத் திருத்தியபோது, ஒவ்வொரு கேபிள்காரரும் தூர்தர்ஷனின் இரண்டு சேனல்களையும் ஒரு மாநில மொழிச் சேனலையும் கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடுத்தால் மட்டும் போதாது, ‘பிரைம் பேண்ட்’ என்ற முன்வரிசையில் கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். ஏன்? பழைய டி.வி. வைத்திருக்கும் ஏழைக்கும் கிழவனுக்கும் அந்த வரிசை மட்டுமே எட்டும் என்று அப்போது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு சேனல் இருக்கிறது என்பது வேறு, கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது என்பது வேறு. டிஜிட்டல் வந்ததும் கட்டாயச் சேனல் பட்டியல் நீண்டது. அந்த முன்வரிசை மட்டும் காணாமல் போனது. டிராயின் 2017 ஒழுங்குமுறையில் ஆறுதலாக ஒரு வரி உண்டு: ஒரு சேனலுக்குக் கொடுத்த எண்ணைக் குறைந்தது ஓராண்டுக்கு மாற்றக்கூடாது. நல்லது. ஆனால் வருடம் ஒருமுறை வீட்டுக் கதவெண்ணை மாற்றினால் தபால்காரர் என்ன செய்வார்? அந்த ஓராண்டையும் யார் மதிக்கிறார்கள் என்பதற்கு என் காலண்டர் அட்டைகளே சாட்சி.

இங்கிலாந்தில் 2007-இல் வைட்ஹேவன் என்ற ஊரில் தொடங்கி 2012 வரை வட்டாரம் வட்டாரமாக டிஜிட்டலுக்கு மாறினார்கள். எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், பார்வை இழந்தவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் தனியாக ஓர் உதவித் திட்டம் இருந்தது. ஆள் வீட்டுக்கு வந்து பெட்டியைப் பொருத்தி, ரிமோட்டை எப்படி அமுக்குவது என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். அமெரிக்காவில் பெட்டி வாங்க வீட்டுக்கு இரண்டு 40 டாலர் கூப்பன் கொடுத்தார்கள். கூப்பன் பலருக்குக் கிடைக்கவில்லை என்றதும், 2009 பிப்ரவரி 17 என்றிருந்த கெடுவை ஜூன் 12-க்குத் தள்ளி வைத்தார்கள். அவர்கள் பணக்காரர்கள் என்பீர்கள். கிராமத்துக்கு ஓர் ஆளை அனுப்பி எல்லா முதியவர் வீட்டிலும் பத்து நிமிடம் உட்காரச் சொல்லப் பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு கோடி வீட்டுக்கு ரேஷன் அட்டை அச்சடித்துக் கொடுக்கிற மாநிலம் இது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அங்கே கூரையில் இருந்த ஆன்டெனாவிலேயே டிஜிட்டலும் வந்தது. டி.வி.யை மறுபடி டியூன் செய்தால் பெரும்பாலும் போதும். இங்கே அந்த வழியைச் சென்னை உள்ளிட்ட சில நகரங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். நமக்கு வந்தது மூடுவிழா மட்டும். முக்கியமான இடங்களில் ஓர் ஐம்பது போக, மீதமிருக்கும் பழைய தரைவழி ஒளிபரப்பிகளை எல்லாம் 2022 மார்ச் 31-க்குள் மூடுவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது. ‘பழைய தொழில்நுட்பம், பார்ப்பவர் இல்லை, செலவு மிச்சம்’ என்றார்கள். டி.டி. ஃப்ரீ டிஷ் இருக்கிறதே என்றும் சொன்னார்கள். இருக்கிறது, 2004 டிசம்பரிலிருந்து மாதக் கட்டணம் இல்லாமல் நடக்கிறது, அதை நான் மெச்சுகிறேன். ஆனால் அதிலும் இடங்கள் ஏலத்தில் போகின்றன. சேனல்கள் வரும், போகும். ஒவ்வொரு முறையும் மெனுவுக்குள் போய் ஆட்டோ ஸ்கேன் கொடுக்க வேண்டும். புயலடித்தால் முதலில் பறப்பதும் அந்த டிஷ்தான்.

கஜா ராத்திரியைப் பார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன். வங்கக் கடலோரத்தில் இருக்கும் ஒரு மாவட்டத்தில், கம்பம் சாய்ந்தாலும், கட்டணம் கட்டாவிட்டாலும், சாதாரண ஆன்டெனாவிலோ ரேடியோவிலோ கிடைக்கிற அரசாங்கத்தின் குரல் ஒன்று நிரந்தரமாக, மாறாத இடத்தில் இருக்க வேண்டுமா வேண்டாமா? டி.வி.யில் அதை எடுத்துவிட்டார்கள். ரேடியோவையும் ‘பழைய தொழில்நுட்பம்’ என்று சொல்லும் நாள் வராது என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

“எல்லாரும் போனில் பார்க்கிறார்கள், இனி டி.வி.யே போகப்போகிறது, இதற்குப் போய் ஏன் இவ்வளவு?” என்று என் மகனே கேட்கிறான். எல்லாரும் என்று அவன் சொல்கிற கணக்கில் எங்கள் தெருவின் பாதி இல்லை. கண்புரை அறுவை செய்தவர் ஆறு அங்குலத் திரையில் எதைப் பார்ப்பார்? பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பகல் முழுக்கத் தனியாக இருக்கிறவர்களுக்கு வீட்டில் பேசுகிற ஒரே குரல் அந்தப் பெட்டியில் வருவது. அது நின்றுபோன நாளில் அவர்கள் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

கேபிள் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் அதிகாரம் பெற்ற அலுவலர். ஆகவே திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுப்பதற்காக ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். தூர்தர்ஷன் தமிழும், தமிழ்ச் செய்திச் சேனல்களும், எல்லாக் கேபிளிலும் எல்லா டிஷ்ஷிலும் ஒரே எண்ணில், இரண்டு இலக்கத்துக்குள், நிரந்தரமாக இருக்க வேண்டும். வேறு எதை மாற்றினாலும் பதினைந்து நாள் முன்னதாகத் திரையில் தமிழில் சொல்ல வேண்டும். பழைய எண்ணை அமுக்கினால் மூன்று மாதத்துக்குப் புதிய இடத்துக்கே போக வேண்டும். எழுபது வயது கடந்தவர் வீட்டுக்கு ஆள் வந்து சரிசெய்து கொடுக்க வேண்டும், அதற்குத் தனிக் காசு கேட்கக்கூடாது. கடலோரத் தாலுகாக்களுக்குத் தரைவழி ஒளிபரப்பு ஒன்று வேண்டும். இவ்வளவுதான்.

‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பலாகிறது’ என்று மேலே ஒரு தாள் வைத்து அது சென்னைக்கும் டெல்லிக்கும் போகும் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தாளின் வாசகம் எனக்கு மனப்பாடம். போகட்டும். ஒரு பெயரோடு போவதற்கும் இருநூறு பெயரோடு போவதற்கும் வித்தியாசம் உண்டு. டவுனில் இருப்பவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் என் வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போடலாம். நடக்க முடியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள், நானே வருகிறேன். உங்கள் பெட்டியில் கடைசியாக எண் மாறியது எந்தத் தேதி, எந்தச் சேனல், எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு என்று நினைவிருந்தால் அதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். மனுவோடு இணைக்க வேண்டும்.